சிப்ரோ குளிசையை வீட்டில் மிச்சம் வைத்திருக்கலாமா?

கொக்குவில்காரி:
அப்பாவுக்கு 68 வயது, தொய்வுக்காரர். மாரியில் முட்டுக் கூடியதால் பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை எடுத்துக்கொண்டிருந்தார். சளி மஞ்சளாக வருகிறதென்று, துண்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் சிப்ரோபுளொக்சசின் (சிப்ரோ) என்ற கிருமிகொல்லி வாங்கிவிட்டார். நான்காம் நாள் குதிக்காலுக்கு மேலே வீங்கி, கிணற்றடிப் படி ஏற முடியவில்லை. வைத்தியர் உடனே நிறுத்தச் சொன்னார். இதை ஏன் இன்னும் விற்கிறார்கள்?

பருத்தித்துறையான்:
தங்கச்சி, நெருப்புக் காய்ச்சலுக்கு இதே குளிசைதான் என்னைக் காப்பாற்றியது. காலும் கையும் நன்றாகவே இருக்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு அட்டை மருந்துக்கு எத்தனை வாசல் ஏறினோம்! அன்று பிடித்த பழக்கம், மிச்சத்தை இன்றும் எறிய மனம் வராது. பனடோலுக்கும்தான் எச்சரிக்கை உண்டு.

மருந்தாளன்:
பனடோலோடு ஒப்பிடாதீர்கள் அண்ணை. இதனால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்துபோகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் கட்டம் போட்டு எச்சரித்தது. 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீரொய்ட் எடுப்பவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தங்கச்சியின் அப்பா இரண்டிலும் அகப்பட்டார். பீனிசம், மார்புச் சளி, சாதாரண சலக்கடுப்பு ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருந்தால் இதைத் தொடவேண்டாம் என்று 2016இல் சொன்னார்கள். பெருநாடி வீக்கம் உள்ளவர்களுக்கான எச்சரிக்கை 2018இல் வந்தது.

அதற்காக மருந்தையே தூக்கி எறியவும் முடியாது. சூடோமோனாஸ் என்ற பக்டீரியாக் கிருமிக்கு வாயால் எடுக்கக்கூடியது ஏறக்குறைய சிப்ரோவின் மருந்துக் குடும்பம் மட்டும்தான். இல்லாவிட்டால் வார்டில் படுத்து ஊசி போடவேண்டும். நெருப்புக் காய்ச்சல் கதையும் மாறிவிட்டது. தெற்காசியாவில் அந்தக் கிருமி இப்போது சிப்ரோவுக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மருந்தைத் தெரிவுசெய்ய வேண்டும்.

கொக்குவில்காரி:
இதெல்லாம் கடையில் இருந்தவருக்குத் தெரியாதா? வயதைக் கேட்க எத்தனை நொடி ஆகும்? உள்ளே மடித்து வைத்த தாள் எறும்பளவு ஆங்கில எழுத்து. அப்பா அதையா வாசிப்பார்?

பருத்தித்துறையான்:
அது நியாயம். ஆனால் ஞாயிறு இரவு காய்ச்சல் வந்தால் வைத்தியரை எங்கே தேடுவது? என்னிடம் ஆறு குளிசை இருக்கிறது. வழக்கம்போலப் பால் தேத்தண்ணீரோடு போட்டுக்கொள்வேன்.

மருந்தாளன்:
பாலா? பாலிலுள்ள கல்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்துக்குப் போவது குறையும், கிருமிக்குப் பழக்கம் காட்டினதுதான் மிச்சம். இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவு மருந்து எடுப்பவர்கள் அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னரோ 6 மணி நேரம் பின்னரோ இதை எடுக்கவேண்டும். வைரஸ் காய்ச்சல் என்றால் ஆறு குளிசையும் வீண். டெங்குவுக்கு ஒன்றும் செய்யாது.

தங்கச்சி, அப்பா தொய்வுக்குக் கொடுக்கும் தியோபிலினும் எடுத்தவரா? சிப்ரோ அதை உடலில் தேங்க வைக்கும்.

கொக்குவில்காரி:
மருந்துப் பெட்டியை இப்போதுதான் கிளறினேன். தியோபிலின் அட்டையில் பாதி காலி. அந்த நாட்களில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வரவில்லை என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வயதாகிவிட்டது என்று நாங்கள் அதட்டிப் படுக்கவைத்தோம்.