நார்வேஜியன் நீள வார்த்தைய எங்க வெட்டிப் படிக்கிறீங்க? அனுபவம் சொல்லுங்க

நார்வேயில ட்ரொண்ட்ஹெய்ம்ல இருக்கேன், சாயங்காலம் மொழி கிளாஸ் போறேன். பல சொல் ஒண்ணா ஒட்டி நீளமா ஒரு வார்த்தை வந்தா நான் கடைசித் துண்டத்தான் முதல்ல புடிப்பேன், ஏன்னா பொருள் அதுதான், முன்னாடி நிக்கிறதெல்லாம் அதுக்கு அடைமொழி. ஹூஸ்னா வீடு, போட்னா படகு. ஹூஸ்போட்னா ஆள் குடியிருக்குற படகு, போட்ஹூஸ்னா கரையில படகு வைக்கிற கொட்டகை. 'ஒரு'ங்கிறதுக்கு முன்னாடி 'என்' வருமா 'எட்' வருமான்னு முடிவு பண்றதும் கடைசித் துண்டுதான், அதனால என் ஹூஸ்போட், ஆனா எட் போட்ஹூஸ்.

எனக்கு ரொம்பப் புடிச்சது நடுவுல வர்ற எஸ். ஒயின் கிளாசுக்கு வீன்க்ளாஸ், நடுவுல ஒண்ணும் இல்ல. அதே ரெட் ஒயின் கிளாஸ்னா ரோவீன்ஸ்க்ளாஸ், ஒரு எஸ் வந்து ஒட்டிக்குது. முன்னாடி இருக்குற ரெண்டும் ஏற்கெனவே சேர்ந்தாச்சு, பெரிய வெட்டு இங்கதான்னு அந்த எஸ் காட்டுது, அதாவது செவப்பு ஒயினுக்குத்தான், கிளாசுக்கு இல்ல. எல்லாத்துலயும் இப்படின்னு நம்பிடாதீங்க, ஃபுட்பால் மேட்ச்சுக்கு ஃபூட்பால்காம்ப்தான், எஸ் கிடையாது, வேலை செய்ற இடத்துக்கு அர்பெய்ட்ஸ்ப்ளாஸ், அதுல முதல் துண்டு ஒத்தச் சொல்லா இருந்தும் எஸ் வருது. பார்னஹாகெ மாதிரி சிலதுல எஸ்ஸுக்குப் பதிலா ஈ (e எழுத்து) வரும் (குழந்தைகள் பள்ளி, நேரா சொன்னா குழந்தைத் தோட்டம்). இதெல்லாம் வார்த்தையோட சேத்தே பழகிக்கணும்.

பெர்கன்ல இருந்து:
தம்பி நல்லா எழுதியிருக்கிறீங்கள். நான் சொல்ல வாறது இடைவெளியைப் பற்றி. இங்க ஒரு கடையில கையால எழுதி ஒட்டியிருந்தவை, லம்ம லோர் எண்டு பிரிச்சு. லம்மலோர் எண்டு சேர்த்தா செம்மறிக்குட்டித் தொடை, பிரிச்சா முடங்கிப்போன தொடைகள்! என்ர மகள் இறைச்சிப் பெட்டிக்கு முன்னால நிண்டு சிரிச்சுக்கொண்டே இருந்தவள். ரொய்க்ஃப்ரிட் எண்டதும் அப்பிடித்தான், சேர்த்தா புகை இல்லாத இடம், பிரிச்சா தாராளமாப் புகை பிடி எண்டு அர்த்தம். இந்தப் பிழைக்கு சார்ஸ்க்ரீவிங் எண்டு பேர், இங்கத்தை ஆக்களே நிறைய விடுவினம். கதைக்கேக்க பிரச்சினை இல்லை, சேர்ந்த சொல் எண்டா அழுத்தம் முதல் துண்டிலதான் விழும், காது பிடிச்சிடும்.

ஸ்டவாங்கர்ல இருந்து:
அக்கா சொன்னதோட வரிக் கடைசியில உடைக்கிறதையும் சேத்துக்கறேன், சங்கத்துக்கு நோட்டீஸ் டைப் பண்றது நான்தான். கார் உதிரி பாகத்துக்கு பீல்டேலர், பீல்னா கார், டேலர்னா பாகங்கள். சாஃப்ட்வேர் அதை 'பில்டெ'ன்னு வெட்டி ஹைபன் போட்டு மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளிடுச்சு (உச்சரிப்புதான் வேற, எழுத்து அதேதான்), 'பில்டெ'ன்னா படம், படிக்கிறவங்க என்ன ஆவாங்க? கூட்டுச்சொல்ல துண்டுகள் சேர்ற இடத்துலதான் உடைக்கணும், ஒட்டுற எஸ் முன் துண்டோடயே நிக்கும். புஸ்ஸ்டொப்னு பஸ் ஸ்டாப் இருக்கே, புஸ்ஸுக்கு ரெண்டு எஸ், ஸ்டொப்புக்கு ஒண்ணு, ஆனா சேத்து எழுதும்போது ஒரே எழுத்து மூணு வரக்கூடாதுன்னு ரெண்டுதான். வரிக் கடைசியில ஹைபன் போட்டு உடைச்சா அந்த மூணாவது எஸ் திரும்ப வந்துடும்! ஒத்தச் சொல்லுக்கு இவ்ளோ கெடுபிடி இல்ல, ஹூசெ (அந்த வீடு) வந்தா ஹூஸ்னு நிறுத்தினாலும் சரி, எஸ்ஸ அடுத்த வரிக்குக் கொண்டுபோனாலும் சரி.