விவாகரத்துக்கு வக்கீல் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடிக்காரி

என் தங்கைக்காகக் கேட்கிறேன். கல்யாணமாகி நான்கு வருஷம், ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு மேலாகத் தங்கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இனிச் சேர்ந்து வாழ வழியில்லை என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் பக்கம் சொல்கிறார்கள். எங்கள் அப்பாவோ, நிலத் தகராறு பார்த்த வக்கீலிடமே போகலாம் என்கிறார். தங்கை வாயே திறப்பதில்லை.

வக்கீல் பெயரோ போன் நம்பரோ எனக்கு வேண்டாம். அவர்கள் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள், பணம் எப்படி வாங்கினார்கள், முதல் நாள் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது, இதைச் சொன்னால் போதும்.

குடந்தை வாசகி

அக்கா, உங்கள் அப்பா சொல்கிற இடத்தில்தான் எங்கள் கதையும் ஆரம்பித்தது. நம் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிலத்து வக்கீல் இருப்பார். குத்தகை பாக்கி, வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, எதுவானாலும் அவர்தான். எங்களுக்கும் அப்படி ஒருவர். அப்பாவின் சிநேகிதர், என் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர். பேச்செல்லாம் அப்பாவிடம்தான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், என்னைப் பார்த்து ஒரு கேள்வி வராது. குமாஸ்தா பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு வந்தேன்.

எதிர்த்தரப்பு கவுண்டர், அதாவது பதில் மனு, வந்த பிறகுதான் என் மனுவில் என்ன இருந்தது என்றே தெரிந்தது. என் கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என்று எழுதியிருக்கிறார். நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சம்பாத்தியத்தைக் கொடுக்க மாட்டார், கை ஓங்குவார், அதுதான் என் புகார். கேட்டதற்கு, "அப்படிப் போட்டால்தாம்மா கேஸ் நிற்கும்" என்றார். பதிலுக்கு அவர்களும் என்னைப் பற்றி அதே மாதிரி எழுதினார்கள். ஊர் முழுக்கப் பரவியது.

வக்கீலை மாற்றினேன். பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்று பழையவர் சொன்னார். புது வக்கீல் அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைக்கக்கூடாது, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பாக்கி வேண்டுமானால் தனியாக வசூல் செய்துகொள்ளட்டும் என்று ஒரு கடிதம் அனுப்பினார். கட்டு வந்துவிட்டது.

அந்த அம்மா முதல் நாளே அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம். என்னிடம், கல்யாண நாளிலிருந்து என்ன நடந்தது என்று தேதி நினைவிருக்கும்வரை தமிழில் எழுதிக் கொண்டு வரச் சொன்னார். அதை வைத்து இங்கிலீஷில் மனு போட்டு, ஒவ்வொரு பாராவாகத் தமிழில் வாசித்துக் காட்டி, "இது நீ சொன்னதுதானே?" என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து. இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். பழையவர் அந்த மனுவையே போடவில்லை. 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டுமாம். வருமானமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் அதற்கப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கடைசியில் சமரச மையத்தில் பேசி, பரஸ்பர சம்மதத்தில் முடிந்தது. அதில் முதலில் மனு போடுவதற்கும் இரண்டாவது முறை கோர்ட்டில் நின்று சம்மதம் சொல்வதற்கும் நடுவே ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிரிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேலாகி, பணம், குழந்தை எல்லாம் பேசித் தீர்ந்திருந்தால் கோர்ட் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. எங்களுக்குத் தள்ளுபடி கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அது நீதிபதி பார்த்துச் செய்வது.

திருத்துறைப்பூண்டி தம்பி

ஆண் பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் குவைத்தில் இருந்தபோது வீட்டுக்கு சம்மன் வந்தது. அண்ணன் ஒரு வக்கீலைப் பிடித்து வக்காலத்துக்குக் காகிதம் அனுப்பினார், நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். போன் பண்ணும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்கு தம்பி, நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க" என்பார். ஊருக்கு வந்து பார்த்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது எங்கள் பக்கம் யாரும் வராமலே தீர்ப்பு, ஆகியிருக்கிறது! அந்த வக்கீல் ஆஜராகவே இல்லை.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிப் போடும் மனுவுக்கு முப்பது நாள்தான் கெடு. தாமதமானால் அதற்கும் தனியாகக் காரணம் சொல்லி மனு போட வேண்டும். வேறு வக்கீல் வைத்துப் போட்டேன், நடக்கிறது. இப்போது யார் சொல்வதையும் நம்பி உட்காருவதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். நம்பர் என்று பதினாறு இலக்கத்தில் ஒன்று கொடுப்பார்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு, அன்றைக்கு என்ன நடந்தது என்று வந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் முதலில் அந்த நம்பரை வாங்குங்கள்.

பட்டுக்கோட்டை

என்னிடம் ஒருவர் வரப்போகும் ஜீவனாம்சத் தொகையில் பத்து பர்சென்ட் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

பாபநாசம் அம்மா

இங்கே எல்லோரும் உள்ளூர் கோர்ட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். என் மகளுக்கு நடந்தது லண்டனில். அங்கே இதைப் பார்ப்பவரை சொலிசிட்டர் என்கிறார்கள். முதல் சந்திப்புக்கு முன்னாலேயே, யார் இந்த வழக்கைப் பார்ப்பார், மணிக்கு எவ்வளவு, மொத்தம் சுமாராக எவ்வளவு ஆகும், திருப்தி இல்லையென்றால் எங்கே புகார் கொடுக்கலாம் என்று கடிதம் வந்துவிட்டது. அதைப் படித்து எனக்கு ஆச்சரியம். பில்லைப் பார்த்து இன்னும் ஆச்சரியம். ஆறு நிமிஷத்துக்கு ஒரு கணக்கு. மகள் அழுதுகொண்டே ஒரு போன் பேசினால் அதற்கும் பில். அப்புறம் அவளே கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே மின்னஞ்சலில் அனுப்பக் கற்றுக்கொண்டாள்.

இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் 6-லிருந்து யார் மேலும் குற்றம் சொல்லாமலே விவாகரத்துக் கேட்கலாம். விண்ணப்பம் பதிவானதிலிருந்து 20 வாரம், பிறகு முதல் உத்தரவு, அதற்கு மேல் ஆறு வாரம், பிறகு இறுதி உத்தரவு. முடிந்தது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மறு கல்யாணப் பேச்சு வந்தபோது தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "இது அங்கே செல்லும். இங்கே கேள்வி வரும்" என்றார். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு கோர்ட் கொடுக்கும் விவாகரத்தை இங்கே அப்படியே ஏற்க முடியாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். எதிராளி மனதாரச் சம்மதித்திருந்தால் கதை வேறாம். நல்லவேளை மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார், இங்கேயும் பரஸ்பர சம்மதத்தில் ஒரு மனு போட்டோம். மகள் வீடியோவில் ஆஜரானாள். லண்டன் சொலிசிட்டர் மேல் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்தது அவர் நாட்டுச் சட்டம். ஆனால் கல்யாணம் இங்கே நடந்திருந்தால் அங்கே மனு போடுவதற்கு முன்னாலேயே இங்கே ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

கூத்தாநல்லூர் சகோதரி

எங்கள் மார்க்கத்துப் பெண்களுக்காக. நான் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து, கேட்டு ஒரு தனியார் அமைப்பில் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தேன், அத்தாவும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். வக்கீல், 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டினார். அப்படிப்பட்ட சான்றிதழ் செல்லாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டு வருஷம் பராமரிப்புப் பணம் தராமல் இருந்தாலே 1939-ஆம் வருஷத்துச் சட்டப்படி விவாகரத்துக் கேட்கலாம் என்று அந்த வழியில் மனு போட்டார். வங்கிக் கணக்குப் புத்தகமே சாட்சியாக நின்றது. ஜமாஅத்தில் பேசுவதை அவர் தடுக்கவில்லை, "பேசுங்கள், ஆனால் பேசி முடிந்ததைக் கோர்ட்டில் பதியுங்கள்" என்றார்.

ஒன்று மட்டும், குடந்தை சகோதரி. பெண் வக்கீல் என்றால் நம்மைப் புரிந்துகொள்வார் என்று பலர் சொல்வார்கள். நான் முதலில் போனது ஒரு பெண்ணிடம்தான். என் வீட்டு மாமியாரைவிட அதிகமாக புத்திமதி சொன்னார்.

குடந்தை வாசகி

நான் பெண் என்பதற்காகப் போகவில்லை சகோதரி, குடும்ப வழக்கு மட்டுமே பார்ப்பவர் என்பதற்காகப் போனேன்.

மாயவரம் குமாஸ்தா

முப்பது வருஷத்துக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே ஒருவர் பென்சில் புள்ளியைச் சொல்லியிருக்கிறார், அந்தப் புள்ளியை நானும் நிறைய வைத்திருக்கிறேன். கட்சிக்காரர் "படித்துவிட்டுப் போடுகிறேன்" என்றால் எந்த வக்கீலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்பதில்லை.

மன்னார்குடி அம்மாவுக்கு. அந்த முத்திரைத்தாள் வேலை வேண்டாம். பஞ்சாயத்தில் அறுத்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் என் கையால் எத்தனையோ புரண்டிருக்கின்றன. சாதி வழக்கப்படி விவாகரத்து உண்டு என்று சட்டத்தில் ஒரு ஓரத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், லேசான காரியம் இல்லை. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்தால் முதல் கல்யாணம் அப்படியே உயிரோடு நிற்கும். கிரிமினல் வழக்கு வரலாம். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களும் சிலர் இப்படி நினைக்கிறார்கள்: தாலி, ஐயர் இல்லாமல் மாலை மாற்றிய கல்யாணம்தானே, எழுதிக் கொடுத்துப் பிரிந்துவிடலாம் என்று. 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தால் அதுவும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பிரிவதும் கோர்ட் வழியாகத்தான்.

இரண்டு பக்கமும் சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. கல்யாணம் எங்கே நடந்ததோ அங்கே போடலாம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தில் போடலாம். சம்மதமில்லாமல் மனைவி தனியாகப் போட்டால் அவள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம், அது 2003-ல் வந்த சலுகை. பையன் வீட்டார் "எங்கள் வக்கீலே இரண்டு பேருக்கும் போட்டுவிடுவார், செலவு மிச்சம்" என்பார்கள். தங்கைக்குத் தனி வக்கீல் வையுங்கள். இன்னொன்று, இரண்டாவது முறை கோர்ட்டில் நின்று சம்மதம் சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அதனால் பேசிய பணம் எப்போது, எந்தக் கட்டத்தில் கைக்கு வரும் என்பதை மனுவிலேயே எழுத வேண்டும்.

மேல்முறையீடு என்று வந்தால் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை. நீடாமங்கலத்தில் பெண் வீடு, ஒரத்தநாட்டில் பையன் வீடு என்றால் எங்கே மனு போடுகிறோம் என்பதை முதலிலேயே யோசித்துப் போடுங்கள். பிற்பாடு அலைவது நீங்கள்தான்.

பட்டுக்கோட்டை அம்மா செய்தது சரி. கிடைக்கும் தொகையில் பங்கு கேட்க பார் கவுன்சில் விதியில் இடமே கிடையாது.

மன்னார்குடிக்காரி

ஐயா, ரொம்ப நன்றி. அப்பாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், பதில் பேசவில்லை. தங்கைதான் வந்து உட்கார்ந்து கேட்டாள். அவளுக்கு இரண்டு கேள்வி. கையில் பணம் இல்லை, இலவச வக்கீல் கிடைக்குமா? போட்ட நகையில் பாதி அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது, பில் எதுவும் எங்களிடம் இல்லை. அதைக் கேட்க முடியுமா?

மாயவரம் குமாஸ்தா

கிடைக்கும். பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவர்கள் நியமிக்கும் வக்கீல் பணம் கேட்டால் குழுவிடமே சொல்லலாம். இலவசம் என்றால் அக்கறை இருக்காது என்பார்கள். நான் பார்த்தவரை ஆளைப் பொறுத்தது. காசு வாங்கியவர்களிலும் அக்கறை இல்லாதவர்கள் உண்டு என்பதற்குத் திருத்துறைப்பூண்டி தம்பியே சாட்சி.

நகை அவளுடையது, கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்திலும் சீதனப் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், அது பொருந்துமா என்று வக்கீல் சொல்வார். பில் இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தையும் வீடியோவையும் எடுத்துப் போங்கள். நகைக்கடையில் பழைய பில் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள், உங்கள் பக்கத்தில் யாராவது சீர்ப் பட்டியல் எழுதி வைத்திருந்தால் அதையும் சேருங்கள். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டு நகலை வக்கீலிடம் கொடுங்கள், அசலைக் கோர்ட் கேட்கும்வரை வீட்டில் வையுங்கள்.