புதுப்பிப்பு: ராபின் கத்ரி ஆல்பம் பத்தி சொன்னத மாத்திக்கிறேன்
போன வாரம், காக்டோ ட்வின்ஸ்ங்கற பேண்டோட கிட்டாரிஸ்ட் ராபின் கத்ரி தனியா பண்ண 'இம்பீரியல்' (2003) ஆல்பத்த கேட்டுட்டு, அந்த பேண்டோட பாடகி எலிசபெத் ஃப்ரேசர் குரல் இல்லாம ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிறேன். நேத்து ராத்திரி லைட்ட அணைச்சிட்டு ஹெட்போன்ல முழுசா கேட்டேன், ஒரே ஒரு கம்பிய மெதுவா தட்டுறார், அது எக்கோவுல திரும்பத் திரும்ப வந்து, ரிவெர்ப்ல (பெரிய ஹால்ல ஒலிக்கிற மாதிரியான முழக்கம்) கரைஞ்சு, அடங்குறதுக்குள்ள அடுத்த ஸ்வரம் அது மேலயே வந்து உக்காருது.

காக்டோ ட்வின்ஸ் 1997ல கலைஞ்சு போச்சு, ஆனா அந்த மிதக்குற சத்தத்துல பாதி இவரோட கிட்டார்தான்னு இப்பதான் எனக்கு உறைக்குது. 1986லயே ஹரால்ட் பட்ங்கற பியானோ கலைஞரோட சேர்ந்து அந்த பேண்ட்காரங்க ஒரு ஆல்பம் பண்ணாங்க, இந்த நிதானம் அதுலயே இருக்கு. குரலைத் தேடுறத விட்டுட்டு கேளுங்க, அவ்ளோ அழகு.