பேஸ்பால் பற்றி ஓர் அமெரிக்கர் பேசியதில் உங்களால் மறக்க முடியாதது எது?

ஏரிக்கரை (சிகாகோ)

எங்கள் ஊர் பேஸ்பால் அணி கப்ஸ் ஜெயித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2016, கிளீவ்லாந்து, ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸுக்கு முன்னால் வந்த மழை, 1908க்கு அப்புறம் முதல் கோப்பை. எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர்.

எங்கள் அலுவலக வரவேற்பில் ஓர் அம்மா இருந்தார், அறுபதைத் தாண்டியவர். ஜெயித்த மறுநாள் மதியம் "என்னோடு கொஞ்சம் வருகிறாயா?" என்று கேட்டார். ரெட் லைன் ரயிலில் ஏறி அடிசனில் இறங்கினோம். செங்கல் சுவர் முழுக்கச் சாக்பீஸ் எழுத்து. கை எட்டும் உயரம் வரை இடமே இல்லை. பெரும்பாலும் இறந்தவர்களின் பெயர்கள், கீழே பிறந்த வருடமும் போன வருடமும். இவர் கைப்பையிலிருந்து நீலச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து அப்பா பெயரை எழுதினார், பெரியப்பா பெயரை எழுதினார். மூன்றாவது பெயருக்கு இடம் போதவில்லை. பக்கத்தில் நின்ற பையன் தன் தாத்தா பெயருக்குக் கீழே "கோ கப்ஸ்" என்று எழுதியிருந்தான். அதைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு "இங்கே எழுதுங்கள்" என்றான்.

மூன்றாவது பெயர் அவருடைய கணவர். அவர் இறந்துவிட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வருடக்கணக்கில் ஒரே தளத்தில் வேலை பார்த்தோம். தினமும் குட் மார்னிங் சொன்னோம்.

கிழக்குக்கரை (ஓக்லாந்து)

ஏரிக்கரை அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அணி நூறு வருடம் தோற்றாலும் ஊரை விட்டுப் போகவில்லை. எங்கள் பேஸ்பால் அணி ஏ'ஸ் 1968இலிருந்து இங்கே இருந்தது, 72, 73, 74, 89 என்று நான்கு முறை கோப்பையும் கொண்டுவந்தது. அப்படியும் போய்விட்டது. அதற்கு முன்பே கூடைப்பந்து அணி வாரியர்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோ போனது, அமெரிக்க ஃபுட்பால் அணி ரைடர்ஸ் லாஸ் வேகஸ் போனது. ஐந்தே வருடத்தில் ஊரில் இருந்த மூன்று பெரிய அணிகளும் காலி.

ஏ'ஸின் மைதானமான கொலிசியத்தில் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26. நாற்பத்தாறாயிரம் பேருக்கு மேல் கூட்டம், டெக்சாஸை 3-2 என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்தும் யாரும் கிளம்பவில்லை. எனக்கு முன்வரிசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். குடித்து முடித்த சோடா கப்பைத் துடைத்து வைத்திருந்தார். மைதான ஊழியர் ஒருவர் வேலியோரம் வந்ததும் கப்பை நீட்டினார். அவர் இன்ஃபீல்டு மண்ணை அள்ளிப் போட்டார். டிரைவர் மூடியை அழுத்தி மூடிவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்டார்: "பேத்திக்கு ஏழு வயது. இனி அவளை எந்த அணி பார்க்கச் சொல்வது?" சான் பிரான்சிஸ்கோ அணியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெற்குக்காற்று (டெக்சாஸ்)

எல்லோர் வருத்தமும் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் வந்து பாருங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்தில்தான் இருக்கும். பேஸ்பால் பெரியவர்களின் ஞாபகத்தில் ஓடுகிற ஆட்டம் ஆகிவிட்டது என்பது என் கருத்து. என் மேலாளர் ஒருமுறை என்னையும் தன் மகனையும் அழைத்துப் போனார். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த அரங்கமும் எழுந்து பாடுகிறது, பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் பாடிக்கொண்டே அவனைப் பார்த்தார், பாதியிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆட்டம் இழுக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்ததால்தானே 2023இல் பிட்ச் கிளாக் கொண்டுவந்தார்கள்? பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் பந்து போட்டாக வேண்டும். சராசரி ஆட்டம் மூன்று மணி நேரத்திலிருந்து சுமார் இரண்டே முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. நல்ல மாற்றம்தான், ஆனால் பிள்ளைகள் திரும்பி வருவார்களா என்பது வேறு கேள்வி. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இப்போது பிள்ளைகளுக்கு நல்ல கிரிக்கெட் பயிற்சி கிடைக்கிறது. 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்ததும் இங்கே கிராண்ட் ப்ரெய்ரியில்தான். நமக்குத் தெரிந்த ஆட்டத்தில் சேர்த்துவிட்டால் நாமும் கூட நின்று சொல்லித்தரலாம்.

நதிமுகம் (கான்சஸ் சிட்டி)

தெற்குக்காற்று, ஞாபகத்தில் ஓடுகிற ஆட்டம் என்று சொன்னீர்கள். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊரில் பதினெட்டாம் தெரு, வைன் சந்திப்பில் நீக்ரோ லீக்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. உச்ச லீகான மேஜர் லீக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்கள் ஆடிய லீகுகள் அவை. உள்ளே ஒரு சின்ன மைதானம், அவரவர் இடத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களின் வெண்கலச் சிலைகள். நுழைந்ததுமே தெரியும், ஆனால் போக முடியாது, நடுவில் கம்பிவலை. வரலாறு முழுவதையும் சுற்றி முடித்தால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெரியவர் பேரனோடு நின்றார். பையன் வலையைப் பிடித்துக்கொண்டு "இப்பவே போகலாம் தாத்தா" என்றான். அவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக வலையிலிருந்து எடுத்தார். "எங்களையும் காக்க வைத்தார்கள். படித்துவிட்டு வா."

கடைசியில் உள்ளே போனதும் பையன் பந்து போடும் பிட்சர் பக்கம் ஓடினான். பெரியவர் நேராக, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரிடம் போனார். ஜாஷ் கிப்சன். "இவர் செத்தது 1947 ஜனவரி. ஜாக்கி ராபின்சன் புரூக்ளினில் இறங்கியது அதே வருடம் ஏப்ரல் 15. மூன்று மாதம்..." என்று சொல்லிவிட்டு அந்தத் தோளில் கை வைத்தபடி நின்றார். கறுப்பினத்தவருக்கு மேஜர் லீகின் கதவு திறந்தது ராபின்சனோடுதான். இறந்தபோது கிப்சனுக்கு 35 வயதுதான்.

2024இல்தான் அந்த லீகுகளின் கணக்கையும் மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. பேட்டிங் சராசரியில் டை காப் என்ற பழைய ஆட்டக்காரரின் .367ஐத் தாண்டி கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தப் பெரியவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

மலைச்சரிவு (லாஸ் ஏஞ்சலஸ்)

எல்லோருக்கும் இது இனிப்பான ஞாபகம் இல்லை. எங்கள் ஊர் அணி டாட்ஜர்ஸின் ஸ்டேடியம் நிற்கும் சாவேஸ் ரவீனில் முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் குடியிருந்தன. அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம் என்று ஐம்பதுகளில் காலி செய்தார்கள். அதைக் கட்டவே இல்லை, இடம் டாட்ஜர்ஸுக்குப் போனது. 1959இல் கடைசிக் குடும்பங்களைக் காவலர்கள் தூக்கியே வெளியே கொண்டுவந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த மேட்டில் பிறந்தவர். 1981இல் டாட்ஜர்ஸ் பிட்சர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா கலக்கியபோது, வானத்தைப் பார்த்துப் பந்து போடும் அந்த மெக்சிகோ சொனோரா பையனுக்காகச் சமையலறை ரேடியோவை அணைக்கவே மாட்டாராம். ஆனால் ஸ்டேடியத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. 2024 அக்டோபரில் ஃபெர்னாண்டோ இறந்ததும் "என்னைக் கூட்டிப்போ" என்றார். நான்தான் கார் ஓட்டினேன். வாசல் பலகைக்குக் கீழே பூவும் மெழுகுவர்த்தியும் குவிந்திருந்தன. இறக்கிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். அவர் சாமந்திப் பூக்கொத்தைப் பேரனிடம் கொடுத்து, "நீ போய் வை. நான் இறங்க மாட்டேன்" என்றார். பேரன் திரும்பி வரும்வரை கார் கண்ணாடியை இறக்கி வைத்து அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்சில்மாமி (ஒஹாயோ)

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மூதாட்டி மடியில் ஸ்கோர் புத்தகம் வைத்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டு வந்தார். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஒரு பந்தை நழுவவிட்டார். எர்ரரா (ஃபீல்டரின் தவறு), ஹிட்டா (அடித்தவரின் கணக்கு)? பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தார். திரையில் ஹிட் என்று வந்தது. "என் புத்தகத்தில் எர்ரர்தான்" என்று சொல்லி அழுத்தி எழுதினார்.

தெற்குக்காற்று, பிள்ளைகளுக்குப் போரடிக்கிறது என்றால் இப்படி ஸ்கோர் எழுதச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானம் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கும், அங்கிருந்து முதல் பேஸுக்கும் எறிந்து இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3. மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகும் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு ஆங்கில எழுத்து கே. பேட்டை வீசாமல் நின்றே அவுட் ஆனால் அந்த கே-யைத் திருப்பிப் போட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்று இன்னிங்ஸில் பிடிபட்டுவிடும், அப்புறம் போன் பக்கம் கை போகாது. பேனா வேண்டாம், பென்சிலும் ரப்பரும் கொடுங்கள். முதலில் கீழ்நிலை லீகான மைனர் லீகுக்கே கூட்டிப்போங்கள், சீட்டு விலை குறைவு, ஆட்டக்காரர்களும் கிட்டத்தில் தெரிவார்கள். மதிய ஆட்டமாக இருந்தால் மூன்றாம் பேஸ் பக்கம் இடம் வாங்குங்கள். பெரும்பாலான மைதானங்களில் நிழல் முதலில் வருவது அந்தப் பக்கம்தான்.