திருகோணமலையின் ஊர்நிலத்தை வடிவமைத்தது குடும்பமா, அரசா?

தம்பலகாமத்தான் எழுதியது:
2019 முதல் 2028 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் சபை குடும்ப வேளாண்மைக்குரிய பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. அதையொட்டி நமது மாவட்டம் பற்றிய என் கருத்தை முன்வைக்கிறேன். தம்பலகாமத்தில் மக்கள் ஒரே கொத்தாக வாழாமல், கள்ளிமேடு, பட்டிமேடு, சிப்பித்திடல் என வயல்களிடையே உயர்ந்த நிலங்களில் பிரிந்து குடியிருப்பதற்கு, தண்ணீரையும் கதிரையும் வீட்டிலிருந்தே கவனிக்க வேண்டிய தேவை குடும்பங்களுக்கு இருந்தமையே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு. வயல் துண்டுகளின் வடிவமும் அவ்வாறே அமைந்தது. மகளுக்குச் சீதனமாகவோ பிள்ளைகளுக்குப் பங்காகவோ வயலைப் பிரிக்கையில், குறுக்கே வெட்டினால் கீழ்ப்பங்குக்காரர் மேற்பங்குக்காரரின் வயலூடாகவே தண்ணீர் எடுக்க நேரிடும். ஆகையால் ஒவ்வொரு பங்கும் வாய்க்காலைத் தொடும்படி நீளவாக்கிலேயே வரம்பு போடுவார்கள். இரண்டு தலைமுறை கடந்ததும் அந்த வயல் நாடாவைப் போல ஒடுங்கிவிடும். இதை எந்த நில அளவையாளரும் வரைந்து கொடுக்கவில்லை.

அல்லைவாசி எழுதியது:
ஐயா, அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்போரும் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்போரும் (அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டாம்) அரசன் கட்டினான் என்பதிலாவது ஒத்துப்போவார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டமும், அதன் வழியே 1950களில் கந்தளாயிலும் அல்லையிலும் எழுந்த குடியேற்றங்களும், காட்டை வெட்டிச் சமனான துண்டுகளாக்கி, வயல் ஓரிடத்திலும் வீடு கட்டுவதற்கான மேட்டுக்காணி வேறோரிடத்திலுமாகக் குடும்பங்களுக்குப் பங்கிட்டன. வீதிக்கரையில் வீடுகள் வரிசையாக நிற்பது வரைபடத்தின் விளைவேயன்றிக் குடும்பத்தின் விருப்பமன்று. எப்போது விதைப்பது, எப்போது மதகைத் திறப்பது என்பவைகூட போகத் தொடக்கத்தில் அரச அதிகாரிகள் தலைமையில் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில்தான் தீர்மானமாகின்றன. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நீரின்றித் தவித்ததையும், அதைத் தொடர்ந்து போரே மீண்டும் மூண்டதையும் எண்ணிப் பாருங்கள். வரம்பு போடும் உரிமை குடும்பத்திடம் இருந்தென்ன?

நிலவெளிக்காரி எழுதியது:
இருவரும் நெல்லையே பேசுகிறீர்கள். நிலவெளியிலிருந்து குச்சவெளி நோக்கிய கரையோர மணலில் சின்ன வெங்காயம் செய்கிறவர்களுக்குப் பெருங்குளமும் இல்லை, மதகும் இல்லை. அவரவர் காணிக் கிணறே தண்ணீர் தருகிறது. மணல் நீரை நிறுத்தாது என்பதால் அடிக்கடி இறைக்க வேண்டும். நடுவதும் களை பிடுங்குவதும் கிழங்கு கிண்டுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஒரு வீட்டார் இறைத்து முடிக்கக்கூடிய அளவே தோட்டத்தின் அளவாகிறது. இங்கே அல்லைவாசி அண்ணன் சொல்லும் வரைபடத்துக்கு வேலையில்லை. எனினும் கடற்கரைக் காணிகள் விடுதிகளுக்குக் கைமாறும் வேகத்தைப் பார்த்தால், தம்பலகாமத்தான் ஐயாவின் நம்பிக்கையும் எனக்கு முழுதாக வரவில்லை.

தம்பலகாமத்தான் எழுதியது:
குளத்தை அரசன் கட்டினான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடியேற்றத்தின் வரைபடம் அப்படியே நிலைத்ததா என்பதே என் கேள்வி. அரசு அனுமதிப் பத்திரம் கொடுத்து வழங்கிய உத்தரவுப்பத்திரக் காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. காணிக்காரருக்குப் பின் அதைப் பெறவேண்டிய பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிடில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற ஒழுங்கும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. அப்படியிருந்தும் நடந்தது என்ன? பத்திரத்தில் ஒருவர் பெயர் இருக்க, வயலில் மூன்று சகோதரர் மூன்று வரம்பு போட்டுச் செய்கிறார்கள். ஒரு வீட்டுக்கென அளந்த மேட்டுக்காணியில் மகள்மாருக்கு வீடு கட்டிக் கொடுத்து, இன்று நான்கு அடுப்பு எரிகிறது. இடம் போதாத இளையவர்கள் வாய்க்கால் ஒதுக்குக் காணியில் குடியேறினார்கள். இவ்வாறுதான் இடைவெளிவிட்டு நின்ற குடியேற்ற வீடுகள் தொடர் ஊர்களாகின. சட்டம் தடுத்ததையும் மீறிக் குடும்பம் வரைந்த வடிவம் அது.

அல்லைவாசி எழுதியது:
தாங்கள் வடிவம் என்று பெருமைப்படுவதை நான் காணிப் பற்றாக்குறை என்கிறேன். மூன்றாகப் பிரிந்த வயலின் விளைச்சலில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாமல், இரண்டு சகோதரர் தம் பங்கைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய்விடுகிறார்கள். குத்தகைக்கு எடுப்பவர் உழவு இயந்திரமும் கையில் காசும் உள்ள ஒருவர். அறுவடை இயந்திரம் திரும்புவதற்கு இடைஞ்சலான வரம்புகளை அவர் முதல் போகத்திலேயே வெட்டிவிடுகிறார். அவரும் ஒரு குடும்பத்தவர்தானே என்று தாங்கள் வாதிடக்கூடும். பல வீட்டாரின் வயலை ஒருவர் கூலியாள் வைத்துச் செய்வதையும் குடும்ப வேளாண்மைக்குள் அடக்குவீர்களாயின், அதற்குள் அடங்காதது எது என்பதைத் தயவுசெய்து முதலில் வரையறுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு தொடரலாம்.