உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர்ப் படமெடுப்புக்குச் சிண்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் படிகம்): ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். தடித்த எஃகு வார்ப்புகளின் உள்விரிசல்களைக் காண, எக்ஸ்-கதிர் தரும் 6 மெகாவோல்ட் நேரியல் முடுக்கியுடன் ஓர் உணரி வரிசையை அமைத்து வருகிறோம். இப்போதைய சிண்டிலேட்டரான தாலியம் கலந்த சீசியம் அயோடைடு நிறைய ஒளி தந்தாலும், அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம் மட்டுமே என்பதால் உயர் ஆற்றல் கதிரைப் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. அதைவிட, கதிர் நின்ற பின்னும் நீடிக்கும் பின்னொளிர்வால், வார்ப்பைத் திருப்பி அடுத்த படம் எடுக்கையில் முந்தைய விளிம்பு மங்கிய நிழலாகப் படிந்து, விரிசலா நிழலா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் தவிக்கிறோம். எனவே 7.9 அடர்த்தியும் மிகக் குறைந்த பின்னொளிர்வும் உடைய காட்மியம் டங்ஸ்டேட்டுக்கு மாற விரும்புகிறோம். ஆனால் அப்படிகம் பிளவுத் தளத்தில் எளிதில் பெயர்ந்துவிடும். அறுக்கும் தூளும் நச்சு. அதை மெல்லிய துண்டுகளாக அறுத்து அடுக்கிய அனுபவமுள்ளவர்கள், எந்தப் பிரதிபலிப்புப் பூச்சும் பசையும் கதிரில் பழுப்பேறாமல் நிலைத்தன என்பதைத் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.