ஒரே தொட்டியில் இரண்டு சோயா: வேர்ப் போட்டியா, தொட்டியின் அளவா?

கேள்வி: 2001-ல் வெளியான சோயா ஆய்வில், மண்ணைப் பகிர்ந்த செடிகள் வேரைக் கூட்டி விதையைக் குறைத்தன. அதை மறுபடி செய்ய தொட்டியை எப்படி அமைக்கலாம்?

பதில்: இரு செடிகளுக்கு நடுவிலுள்ள தடுப்பை எடுத்துவிட்டு, தடுப்புள்ள தொட்டியோடு ஒப்பிடாதீர்கள். செடிக்கான உரம் அதேதான், ஆனால் வேர் ஓடும் இடம் இரட்டிப்பாகிறது. இடம் பெருகினாலே வேரும் பெருகும். அந்த ஆய்வின் மீது எழுந்த முக்கியமான ஆட்சேபமே இதுதான்.

பதில்: 30 மைக்ரான் நைலான் வலையைத் தடுப்பாக வையுங்கள். வேர் தாண்டாது, வேர்க் கசிவுகள் (வேர் மண்ணில் விடும் வேதிப்பொருள்கள்) தாண்டும், இடம் மாறாது. ஒப்பீட்டுக்கு அதே அளவில் பிளாஸ்டிக் தடுப்பு. ஓரங்களைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள், சிறு இடுக்கு போதும், வேர் நுழைந்துவிடும். இரு செடிகளின் வேரும் பின்னிக்கொள்ளாததால் தனித்தனியாக எடை போடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் உரச்சத்தான நைட்ரேட்டும் வலையைத் தாண்டும், ஆகவே இருபுறமும் ஒரே அளவு உரம், நீர்.

கேட்டவர்: வேர் கூடுவதற்குக் கசிவுதான் காரணமா என்று பார்க்க, கசிவைப் பிடித்துவைக்கும் கிளர்வூட்டிய கரியை (activated carbon) மண்ணில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம். கரி மண்ணின் சத்து நிலையையே மாற்றிவிடும் என்பதால், கரி போட்டு ஒற்றைச் செடி வைத்த தொட்டியும் கட்டாயம் வேண்டும். வேரை 0.5 மி.மீ. சல்லடைமேல் கழுவி, 70 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். கழுவும்போது தொலைவது நுண்வேர்தான். வித்தியாசம் முதலில் தெரிவதும் அதில்தான்.